கைபேசியில் தோன்றும் காட்டுயிர், கழனியில் வாழும் காட்டுயிர்

(திருவண்ணாமலையில் உழவர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



கார்த்திகைத் தீபத் திருவிழாவிற்கு ஒருமுறையேனும் இந்நகருக்கு வராத உழவர் நம் மாவட்டத்தில் அரியர். மாடவீதியில் பஞ்சமூர்த்திகள் வலம் வரும்போது நாம் என்ன காண்கிறோம்? விநாயகர் மூஷிகத்தின் மேல் வருகிறார். முருகன் மயிலின் மேல் வருகிறார். யானையும் குதிரையும் இடபமும் வாகனங்களாக வருகின்றன. வயலில் எலியைக் கண்டால் தடியெடுக்கும் நாமே மூஷிக வாகனத்தைக் கண்டால் கைகூப்புகிறோம். நிலத்தில் மயில் இறங்கினால் தகரம் தட்டி விரட்டுகிறோம். மயில் வாகனம் வந்தால் கற்பூரம் ஏற்றுகிறோம். இதில் பிழை ஒன்றும் இல்லை. ஒன்று பக்தி, மற்றொன்று பிழைப்பு.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விலங்கின் உருவத்தை மக்கள் நடுவே கொண்டுவந்து காட்டி, அதன்பால் ஒரு மதிப்பை உண்டாக்குவது நமக்குப் பழகிய வழக்கம். அந்த வேலையை இன்று கைபேசியும் செய்யத் தொடங்கியுள்ளது. உழவன் செயலியில் சந்தை விலை பார்க்கும் அதே கைபேசியில், உங்கள் களத்துமேட்டில் ஒரு யானை நிற்பது போலவும், வேப்பமரக் கிளையில் ஒரு கூகை அமர்ந்திருப்பது போலவும் காட்ட முடியும். இதற்கு ‘மிகை மெய்ம்மை’ என்று பெயர். காட்டுயிர்ப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்கு இதைப் பல நாடுகளில் பயன்படுத்தி வருகின்றனர். இது எவ்வாறு வேலை செய்கிறது, இதனால் உழவருக்கு என்ன பயன், எங்கே ஏமாறாமல் இருக்க வேண்டும் என்பவற்றை இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

மிகை மெய்ம்மை என்றால் என்ன?

புரிசை போன்ற ஊர்களால் பெயர் பெற்ற நம் பகுதித் தெருக்கூத்தை நீங்கள் அறிவீர்கள். பாரதக் கூத்தின் முடிவில் படுகளம் நடக்கும். ஊருக்கு வெளியே உள்ள வெற்றிடத்தில் துரியோதனன் உருவத்தை மண்ணால் செய்து படுக்க வைப்பார்கள். முதல் நாள் மாடு மேய்ந்த அதே இடம் அன்று குருக்ஷேத்திரம் ஆகிவிடுகிறது. மண் மாறவில்லை, மரம் மாறவில்லை. இருக்கின்ற இடத்தின் மேல் இல்லாத ஒரு காட்சி ஏறி அமர்கிறது. மிகை மெய்ம்மையும் இத்தகையதே.

சினிமாவில் காணும் யானை சினிமாத் திரையில் உள்ள காட்டில் நிற்கும். மிகை மெய்ம்மையில் வரும் யானை உங்கள் வரப்பில் நிற்கும். கைபேசியின் காமிரா முதலில் தரையைப் பார்க்கிறது. கல், புல், வெடிப்பு, நிழல் எனத் தரையில் உள்ளவற்றை அடையாளப் புள்ளிகளாக வைத்துக்கொள்கிறது. கைபேசி எப்பக்கம் சாய்கிறது, எப்பக்கம் திரும்புகிறது என்பதை அதனுள் இருக்கும் உணர்கருவிகள் தெரிவிக்கின்றன. இவ்விரண்டையும் கணக்கிட்டு, யானையின் உருவத்தை ஓரிடத்தில் ஊன்றி நிறுத்துகிறது. நீங்கள் பின்வாங்கினால் அது சிறிதாகத் தெரியும். நெருங்கினால் பெரிதாகத் தெரியும். சுற்றி நடந்தால் அதன் பின்புறமும் தெரியும்.

விமானத் தொழிற்சாலையில் கம்பிகளைப் பிழையின்றி இணைக்கத் தொழிலாளருக்கு உதவும் பொருட்டு, 1990ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் பெயர் சூட்டப்பட்ட முறை இது. 2016இல் ‘போகிமான் கோ’ என்னும் விளையாட்டின் வழியாக உலகெங்கும் பரவிற்று. இன்று நடுத்தர விலையுள்ள ஸ்மார்ட்போன்கள் பலவற்றில் இவ்வசதி உள்ளது.

சுவரொட்டியில் இல்லாத ஒன்று இதில் உண்டு. அது அளவு. சுவரொட்டியில் எலியும் யானையும் ஒரே சாண் உயரம்தான். இங்கே யானை யானையின் உயரத்தில் நிற்கும்.

பிற இடங்களில் கண்ட பயன்

2019ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் தன் தேடுபொறியில் புலி, சிங்கம் முதலிய விலங்குகளை முழு உருவில் வீட்டுக்குள் நிறுத்திப் பார்க்கும் வசதியை அளித்தது. 2020இல் பொது முடக்கத்தின்போது பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் கூடத்தில் புலியை நிறுத்திப் படம் எடுத்து மகிழ்ந்தனர். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் செய்திருக்கக் கூடும். ஆனால் அந்தப் புலியிடமிருந்து பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டனர் என்று கேட்டால், விடை சொல்வது கடினம். புலி எதை உண்ணும், எங்கே வாழும், ஏன் குறைந்தது என்பவற்றை அது சொல்லவில்லை. வந்தது, நின்றது, மறைந்தது.

உலக இயற்கை நிதியம் 2018இல் வெளியிட்ட செயலி வேறு வகையானது. அது ஓர் ஆற்றையே மேசையின் மேல் ஓடவிட்டது. பார்ப்பவர் தம் விரலால் அந்த ஆற்றின் குறுக்கே அணை வைக்கலாம். வைத்தவுடன் கீழ்ப்பகுதியில் உள்ள மீனுக்கும் விலங்குக்கும் உழவனுக்கும் என்ன நேர்கிறது என்பது கண்முன் தெரியும். தன் கையால் செய்த செயலின் விளைவைத் தானே பார்க்கும்போது அது மனத்தில் நிற்கிறது.

கென்யா நாட்டின் நைரோபி நகரில் இயங்கிய ஒரு நிறுவனம் 2020இல் மற்றொரு செயலியை வெளியிட்டது. அதில் ஆடுபவர் வாலில்லாக் குரங்குகளைத் தேடிச் செல்ல வேண்டும். குரங்கு எளிதில் கிடைக்காது. அது தின்ற பழம், இட்ட எச்சம் ஆகியவற்றைக் கண்டு தொடர வேண்டும். உழவர் பெருமக்களே, இந்த வித்தையை நகரத்தார் கைபேசியில் கற்கின்றனர். நீங்களோ பிறந்தது முதல் செய்து வருகிறீர்கள். காலையில் கொல்லைக்குப் போனதும் தடத்தைப் பார்த்து வந்தது பன்றியா, முள்ளம்பன்றியா, மாடா என்று சொல்லிவிடுகிறீர்கள். ஆகவே காட்டுயிரைப் பற்றி உழவனுக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணிக்கொண்டு நடத்தும் எந்த விழிப்புணர்வுக் கூட்டமும் பயன் தராது. உங்களுக்குத் தெரிந்ததில் தொடங்கி, இருட்டினாலோ அச்சத்தினாலோ உங்கள் கண்ணுக்குப் படாததைக் காட்ட வேண்டும். இந்தக் கருவியின் வேலை அவ்வளவே.

அவ்வாறு காட்டத் தக்கவை எவை? நம் மாவட்டத்தை வைத்துச் சிலவற்றைச் சொல்கிறேன்.

1. யானை: எட்டி நிற்கக் கற்றல்

அண்ணாமலையார் கோயில் யானை ருக்கு 2018 மார்ச்சில் இறந்தது. அதன் துதிக்கையால் ஆசி பெற்று வளர்ந்தவர்கள் இக்கூட்டத்தில் பலர் இருப்பீர்கள். கோயில் யானையைத் தொட்டுப் பழகியவருக்குக் காட்டு யானையும் அவ்வாறே எனத் தோன்றுவது இயல்பு. அது பெரும் ஆபத்து.

2013ஆம் ஆண்டு நம் மாவட்டத்தில் ஊர்களை ஒட்டி நடமாடிய ஆறு காட்டு யானைகளை வனத்துறையினர் கும்கிகளின் துணையோடு பிடித்து வேறிடங்களுக்குக் கொண்டு சென்றதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். யானை வந்துவிட்டது என்றால் ஊரே திரண்டு ஓடுகிறது. இப்போது கையில் காமிராவும் இருப்பதால், இளைஞர்கள் அருகில் போய்ப் படம் எடுக்கத் துணிகின்றனர். யானை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் வரை விரையக் கூடியது. சேற்றிலும் வரப்பிலும் மனிதனால் அதை முந்த முடியாது.

மிகை மெய்ம்மையில் ஒன்பது அடி உயர யானையைப் பள்ளி மைதானத்தில் நிறுத்திக் காட்டலாம். அதிலிருந்து நூறு அடி தள்ளி மாணவனை நிற்கச் சொல்லலாம். காதை விரித்துத் தலையை உயர்த்தி அது முன்னே வரும் காட்சி எத்தனை நொடியில் தன்னை எட்டுகிறது என்பதை அவனே எண்ணிப் பார்க்கட்டும். ஒருமுறை எண்ணியவன் மறுமுறை யானையின் அருகில் நின்று படம் எடுக்கமாட்டான். அன்பை மட்டுமன்றி அளவோடு கூடிய அச்சத்தையும் கற்பிப்பதே நல்ல விழிப்புணர்வாகும்.

2. கூகையும் தேவாங்கும்: வீண் அச்சம் நீங்குதல்

கூகையை நம் ஊர்களில் சாக்குருவி என்பார்கள். அது கூரையின் மேல் அமர்ந்து அலறினால் வீட்டில் சாவு விழும் என்று கல்லெறிந்து விரட்டுவோர் இன்றும் உள்ளனர். உண்மையில் அது அமர்ந்திருப்பது உங்கள் எலியைப் பிடிக்க. நெல்லிலும் நிலக்கடலையிலும், நம் பேச்சில் சொன்னால் மல்லாக்கொட்டையிலும், எலி செய்யும் சேதம் உங்களுக்குத் தெரிந்ததே. கூகை இரவெல்லாம் எலி வேட்டையாடும். கூட்டில் குஞ்சுகள் உள்ள காலத்தில் இன்னும் மிகுதியான எலிகளைப் பிடித்துச் செல்லும். இதற்கு நீங்கள் கூலி தர வேண்டியதில்லை.

இரவில் பறக்கும் பறவையைப் பகலில் காட்டுவது எப்படி? இங்கேதான் கைபேசி உதவுகிறது. இதய வடிவ வெள்ளை முகம், ஓசையின்றிப் பறக்க உதவும் மென்மையான இறகு, எலியைத் தூக்கும் நகம் ஆகியவற்றை உள்ளங்கை அருகே வைத்துச் சுற்றிப் பார்க்கலாம். கண்டு பழகிய பின் அச்சம் குறையும். அச்சம் குறைந்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நட்ட வயலில் ஏக்கருக்கு 16 முதல் 20 இடங்களில் ‘டி’ வடிவக் குச்சிகளை ஊன்றுங்கள். கூகை அமர்ந்து வேட்டையாட அது போதும். எலிக்கு நஞ்சு வைத்த வயலில், நஞ்சுண்ட எலியைத் தின்று கூகையும் சாகக் கூடும். ஆகவே நஞ்சைக் கடைசி வழியாக மட்டும் வையுங்கள். இறந்த எலிகளைப் பொறுக்கி எடுத்துப் புதையுங்கள்.

தேவாங்கின் நிலையும் இதுவே. கால் கிலோ அளவே எடையுள்ள, பெரிய கண்ணுடைய சிறு பிராணி அது. புதர்க்காட்டிலும் தோப்பிலும் இரவில் மெல்ல நடந்து பூச்சிகளைத் தின்னும். அதன் கண்ணையும் உடலையும் மருந்துக்கும் மாந்திரீகத்திற்கும் என்று சொல்லி விற்பதனால் அதற்கு அழிவு வந்தது. 2022இல் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்கிற்கென அமைந்த முதல் சரணாலயம் அதுவே. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தேவாங்கைப் பிடிப்பதும் விற்பதும் கடுங்குற்றம். வேலிப் புதரை மொட்டையாக வெட்டாமல் ஓரிரு வரிசை விட்டுவைத்தால், புதரை நம்பி வாழும் சிற்றுயிர்களுக்கு அது வழியாகவும் இருப்பிடமாகவும் அமையும்.

3. பாம்பு: அடையாளம் அறிதல்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர் இறந்தனர் என ஆய்வாளர் கணக்கிட்டுள்ளனர். இறந்தவருள் மிகப் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கினர். உயிரிழப்பை மிகுதியாக உண்டாக்குபவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கு. ஆனால் நாம் அடிப்பது இந்நான்கை மட்டுமா? எலியைத் தின்று நமக்கு நன்மை செய்யும் சாரைப் பாம்பையும் நாகமென்று எண்ணி அடித்துவிடுகிறோம்.

முழு நீளப் பாம்பைக் கூட்ட மேசையின் மேல் ‘நிறுத்தி’, கட்டுவிரியனின் வெள்ளைப் பட்டைகளையும், கண்ணாடி விரியனின் முதுகில் சங்கிலி போல் செல்லும் வட்டங்களையும், சாரையின் பெரிய கண்ணையும் பக்கத்தில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். உயிருள்ள பாம்பை வைத்து இவ்வாறு கற்பிக்க முடியாது, கற்பிக்கவும் கூடாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கைபேசியில் கற்றது வாசற்படியில் கற்றதாகாது. படம் எடுக்காத நாகமும் சாரை போலவே தோன்றும். ஆகவே வயலில் பாம்பைக் கண்டால் கைபேசியோடு ஒப்பிட நெருங்காதீர்கள். விலகி வழி விடுங்கள். எந்தப் பாம்பு கடித்தாலும், அடையாளம் தேடி நேரத்தைப் போக்காமல் 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கட்டுப் போடுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகியவை வேண்டாம். இரவில் நீர் பாய்ச்சப் போகும்போது டார்ச்சு விளக்கும் தடியும் இருக்கட்டும்.

‘படம் காட்டினால் பன்றி போய்விடுமா?’

காட்டுயிரைப் பற்றி எந்த ஊரில் பேசினாலும் யாராவது ஒருவர் எழுந்து கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. விதைத்த மல்லாக்கொட்டையை ஒரே இரவில் பன்றிக் கூட்டம் உழுது போட்டுவிட்டுப் போனால், மறுநாள் காலை அந்த உழவரிடம் காட்டுயிரை நேசியுங்கள் என்று பேசுவதில் பொருளில்லை. படம் காட்டினால் பன்றி போகாது. இதை மறைத்துப் பேசுபவரை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

சேதம் நேர்ந்தால் உடனே புகைப்படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கும் வனச்சரக அலுவலகத்திற்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். இழப்பீடு பெற அதுவே முதற்படி. கைபேசியின் முதற்பயன் அங்கேதான். காடு ஒட்டிய நிலத்தார் சேர்ந்து ஒரே காலத்தில் விதைப்பதும், முறை வைத்துக் காவல் காப்பதும், தனித்தனியே போராடுவதைவிட நன்று.

ஆனால் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மோட்டார் கொட்டகையிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுத்துக் கம்பியில் விடாதீர்கள். 2023 மார்ச்சில் நம் அண்டை மாவட்டமான தருமபுரியில், மாரண்டஅள்ளி அருகே இத்தகைய கம்பியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. உடன் வந்த இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. நிலத்துக்காரர் சிறை சென்றார். யானை மட்டுமா? இருட்டில் மடை திருப்பப் போன மனிதரும் இத்தகைய கம்பிகளால் பல இடங்களில் மடிந்துள்ளனர். கம்பிக்கு அது பன்றியா, பக்கத்து நிலத்துக்காரரா, உங்கள் மகனா என்று தெரியாது.

மிகை மெய்ம்மையால் செய்யத் தக்க பணிகளில் இதுவே தலையாயது என்பேன். மின்சாரம் கண்ணுக்குத் தெரியாத பொருள். அதைக் காட்ட வேண்டும். உங்கள் வரப்பிலேயே ஒரு கம்பி ஓடுவது போலவும், பொழுது சாய்ந்ததும் அது மறைந்துவிடுவது போலவும், மண்வெட்டியோடு ஒருவர் அதை நோக்கி நடந்து வருவது போலவும் ஒரு காட்சியை உருவாக்கி ஊர் ஊராகக் காட்டினால், நூறு துண்டறிக்கை செய்யாததை அது செய்யும். ஆற்றின் குறுக்கே அணை வைத்துப் பார்த்த செயலியைப் போல, நம் செயலின் விளைவு நம் நிலத்திலேயே தெரிய வேண்டும்.

முறையான சூரிய மின்வேலி வேறு. அதிலுள்ள கருவி, நொடிக்கு ஏறக்குறைய ஒருமுறை மிகக் குறுகிய நேர அதிர்வை மட்டும் அனுப்பும். அது விலங்கை விரட்டும், கொல்லாது. அதற்கும் தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு விதிகள் வந்துள்ளன. காட்டை ஒட்டிய நிலத்தில் அமைக்கும் முன் வனத்துறையில் கேட்டு, பதிவும் அனுமதியும் பெற்றுக்கொள்ளுங்கள்.

பொய்ப் படத்திற்கு ஏமாறாதீர்

எந்தக் கருவிக்கும் மறுபக்கம் உண்டு. யானையை வரப்பில் நிறுத்தக் கூடிய கைபேசி, சிறுத்தையை உங்கள் தெருவிலும் நிறுத்தும். 2025 அக்டோபரில் லக்னோ நகரில் ஓர் இளைஞர், தம் வீட்டருகே சிறுத்தை நிற்பது போன்ற படத்தைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் உருவாக்கிப் பரப்பினார். மக்கள் அஞ்சினர். வனத்துறையினர் தேடி அலைந்தனர். பிறகே அது பொய்யென்று தெரிந்தது. அவரைக் காவல்துறை கைது செய்தது.

ஊரில் இப்படி ஒரு படம் பரவினால் என்ன ஆகும்? தடியும் தீப்பந்தமும் எடுத்துப் புறப்படுவோம். முதலில் கிடைக்கும் காட்டுப்பூனையோ மரநாயோ அடிபட்டுச் சாகும். மறுமுறை மெய்யாகவே சிறுத்தை வந்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே வாட்ஸ்அப்பில் வரும் படத்தைக் கண்டதும் அனுப்பாதீர்கள். எந்த ஊர், எந்த நேரம், நேரில் கண்டவர் யார், தடம் உண்டா என்று கேளுங்கள். தடம் பார்க்கும் கண் உங்களிடம் இருக்கிறது. பிறகு வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

மலையும் கிரிவலமும்

நம் நகரின் நடுநாயகமான மலையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. 1980களில் இம்மலை பெரும்பாலும் மொட்டையாக இருந்ததை இங்குள்ள முதியோர் கண்டிருப்பீர்கள். அக்காலத்தின் இறுதியில் தொடங்கித் தன்னார்வலர் பலர் மரம் நட்டு வந்தனர். ‘தி ஃபாரஸ்ட் வே’ என்னும் அறக்கட்டளை இன்றும் மழைக்காலத்தில் மரம் நடுகிறது. கோடையில் தீ பரவாதிருக்கத் தடுப்புக் கோடு வெட்டுகிறது. சிறுவருக்குச் சூழல் கல்வி அளிக்கிறது. மரம் வளர்ந்ததால் நிழலும் வந்தது; பறவையும் மானும் தங்க இடம் வந்தது. மலைச் சரிவின் மண்ணை வேர் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவு நமக்கும் காப்பு. 2024 டிசம்பர் 1ஆம் நாள் பெருமழையில் மலையடிவாரத்தில் மண் சரிந்து ஏழு உயிர்கள் போன துயரத்தை நாம் மறக்க முடியாது.

பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பல்லாயிரம் பேர் நடக்கின்றனர். இவர்களுக்கு மொட்டை மலையையும் மரம் வளர்ந்த மலையையும், தீப்பிடித்த சரிவில் கூட்டோடு கருகும் குஞ்சையும் கைபேசியில் அடுத்தடுத்துக் காட்டினால் நன்மை உண்டு. ஆனால் நடக்கும் பாதையில் வேண்டாம். கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நடப்பவர் விழுவார், பிறரையும் வீழ்த்துவார். ஓய்வெடுக்கும் இடத்தில் வைத்துக் காட்டுவதே முறை.

உங்கள் ஊரில் நடத்துவது எப்படி?

ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம் கொண்டாடப்படுகிறது. அவ்வாரத்திலோ, விதைப்புக்கு முன் ஓய்வான ஒரு நாளிலோ இத்தகைய கூட்டத்தை நடத்தலாம். பள்ளித் தேசியப் பசுமைப் படை மாணவர்களையும் வனவரையும் வேளாண் அலுவலரையும் அழையுங்கள். கீழ்க்கண்டவற்றைக் கவனத்தில் கொள்க.

1. செயலி இன்றும் வேலை செய்கிறதா என்று முந்தின நாளே பாருங்கள். இத்தகைய செயலிகள் சில ஆண்டுகளில் நிறுத்தப்படுவது உண்டு.

2. சிக்னல் கிடைக்கும் இடத்தில் முன்னதாகவே பதிவிறக்கம் செய்துகொள்ளுங்கள். எல்லாக் கைபேசியிலும் இது ஓடாது. ஊருக்கு இரண்டு நல்ல கைபேசி போதும். முறை வைத்துப் பார்க்கலாம்.

3. வெளிச்சம் உள்ள நேரத்தில், சமமான தரையில் காட்டுங்கள். இருட்டில் காமிராவால் தரையை அறிய முடியாது.

4. நம் ஊரில் உள்ள உயிரினத்தைக் காட்டுங்கள். பனிக்கரடியைக் கண்டு வியந்தால் நம் கூகைக்குப் பயனில்லை.

5. ஒரு கூட்டத்தில் ஓர் உயிரினம் போதும். அதை ஒட்டி மறுநாள் செய்ய வேண்டிய ஒரே வேலையையும் சொல்லுங்கள். கூகை என்றால் குச்சி ஊன்றுதல். பாம்பு என்றால் டார்ச்சு விளக்கும் மருத்துவமனையும். யானை என்றால் விலகி நிற்றலும், திருட்டு மின்கம்பியை அகற்றுதலும்.

6. ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பேச வையுங்கள். முன்பு இந்த ஏரிக்கரையில் எந்தப் பறவை வந்தது, எது வராமற் போயிற்று என்று அவர் சொல்வதைக் கைபேசி சொல்லாது.

7. ஒரு மாதம் கழித்து எத்தனை குச்சி நட்டோம், எத்தனை கம்பி அகற்றினோம் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையே கூட்டத்தின் வெற்றி. எத்தனை பேர் கைதட்டினார்கள் என்பதன்று.

உழவர் பெருமக்களே,

திருவிழா முடிந்ததும் வாகனங்கள் மண்டபத்திற்குத் திரும்பிவிடுகின்றன. மயில் மட்டும் நம் கொல்லையில் இருக்கிறது. அவ்வாறே கைபேசியை அணைத்ததும் யானையும் கூகையும் மறைந்துவிடும். அன்றிரவு உங்கள் வேப்பமரத்தில் மெய்யான ஒரு கூகை வந்து அமரக் கூடும். அப்போது நாம் எடுப்பது கல்லா, அல்லது ‘நம் எலிக்கு ஆள் வந்துவிட்டது’ என்று சொல்லித் திரும்பப் படுப்பதா என்பதில்தான் இவ்வளவு பேச்சின் பயனும் இருக்கிறது.

எனவே இன்று வீடு திரும்பியதும் இரண்டு வேலைகளைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் நிலத்தையும் பக்கத்து நிலத்தையும் சுற்றி வந்து, நேரடி மின்சாரம் செல்லும் கம்பி எங்கேனும் இருந்தால் அதைப் பேசி அகற்றுங்கள். அடுத்து, வயலில் நான்கு குச்சியேனும் நட்டுத் தொடங்குங்கள். இரண்டுக்கும் செயலி வேண்டியதில்லை.